சுவரோடு சுவர் ஒட்டிய மனையில் புது வீடு: மதுரை வீதிகளுக்குள் கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஓடும் வீதிகளில் கடைசிச் சுற்றான வெளி வீதிகளுக்கு உட்பட்ட மதுரையில், பழைய வீட்டை எடுத்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டப்போகிறவர்களுக்கு இது. மாதிரிக்கு ஒரு மனையை வைத்துக்கொள்வோம்: முகப்பு 15 அடி, நீளம் 50 அடி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், வாசலில் 6 அடிச் சந்து. கே.கே. நகரிலோ ஆனையூரிலோ காலி மனையில் வீடு கட்டிய அனுபவம் இங்கே பாதிதான் கைகொடுக்கும்.

காலி மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் வேலை தொடங்கிவிட்டது என்பார்கள். இங்கே வேலை பத்திரத்தில் தொடங்குகிறது. இடிப்பது ஏழாவது படிதான். புதிதாக இறங்குகிறவர்கள் பலர் நல்ல நாள் பார்த்து முதலில் இடித்துவிடுகிறார்கள். எல்லைக்குச் சாட்சியாக நின்ற சுவர் போய்விடுகிறது, பக்கத்து வீட்டு விரிசல் பழையதா புதியதா என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போகிறது, அனுமதி வரும்வரை மனை மழையில் கிடக்கிறது. ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

1. அடிமனை யாருடையது என்று பாருங்கள்

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவோ அறக்கட்டளையுடையதாகவோ இருப்பது சாதாரணம். உங்கள் கையில் உள்ள கிரயப் பத்திரம் மேல்கட்டுமானத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். அடிமனை கோயிலுடையது என்றால் கோயில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் எந்த வரைபடமும் நகராது.

எடுக்க வேண்டியவை: மூலப்பத்திரம், இடையில் நடந்த பாகப்பிரிவினைப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வரைபடத்துடன் பட்டா, சொத்துவரி ரசீது, குடிநீர் மற்றும் பாதாளச் சாக்கடை இணைப்பு எண்கள். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது போடுங்கள். தாத்தா பெயரிலேயே வரி கட்டிவரும் வீடுகளில் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டாக வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒரு சித்தப்பாவின் கையெழுத்துக்காக வேலை பாதியில் நிற்பதைவிட, அவரிடம் இப்போதே போய்விடுவது நல்லது.

முன் அறையில் கடைக்கோ குடித்தனத்துக்கோ வாடகைதாரர் இருந்தால் அதையும் இந்தப் படியிலேயே முடிக்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் - வாடகைதாரர் சட்டத்தில் இடித்துக் கட்டுவதற்காக இடத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்து வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

2. நான்கெல்லையை வரிவரியாகப் படியுங்கள்

பழைய பத்திரத்தில் "கிழமேலடி 15, தென்வடலடி 50" என்பதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. எந்தச் சுவர் பொதுச்சுவர், எது தனிச்சுவர், நடை பொதுவா, கிணறு பொதுவா, மழைத்தண்ணீர் யார் வீட்டு வழியாக வெளியேற வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தாளில் குறித்து, பக்கத்து வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அவர்கள் நகல் தரத் தயங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

பக்கத்து வீட்டு ஜன்னல் உங்கள் மனைப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் உரிமை உண்டு. அப்படி ஒரு ஜன்னல் இருந்தால் அதற்கு எதிரே உங்கள் முற்றம் வரும்படி திட்டமிடுவதுதான் வழக்கில்லாத வழி.

3. அளவெடுப்பு: மூன்று இடத்தில், சுவரையும் சேர்த்து

பழைய மனைகள் அநேகமாகச் சதுரமாக இருக்காது. முகப்பில் 15 அடி இருக்கும். பின்னால் 14¼ அடிதான் இருக்கும். முன், நடு, பின் என மூன்று இடத்தில் அகலமும், இரண்டு மூலைவிட்டமும், சுவர்களின் கனமும் எடுங்கள். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சாய்வை அங்குலத்தில் குறியுங்கள். மேலே 2 அங்குலம் உங்கள் பக்கம் சாய்ந்த சுவர், கான்கிரீட் போடும் நாளில் சென்ட்ரிங் பலகையை உள்ளே விடாது.

அகலத்தில் கைக்கு மிஞ்சுவது எவ்வளவு? இதைத்தான் பலரும் கணக்கிடாமல் விடுகிறார்கள். பத்திர அளவு பொதுச்சுவரின் நடுக்கோட்டில் இருந்து நடுக்கோடு வரை 15 அடி என்று கொள்வோம். சுவர்கள் 18 அங்குலக் கனம். ஆளுக்குப் பாதி என்பதால் ஒரு பக்கத்துக்கு 9 அங்குலம் போனால் 13½ அடி. புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு 2 அங்குல இடைவெளி வேண்டும். உங்கள் 4½ அங்குலச் சுவரும் பூச்சும் சேர்ந்து பக்கத்துக்கு 5 அங்குலம். உள்ளே நிற்பது 12 அடி 4 அங்குலம். கட்டிலும் பீரோவும் இந்த அளவுக்குள் வரைந்து பார்க்கப்பட வேண்டும்.

"பொதுச்சுவரில் பாதி நம்முடையதுதானே, செதுக்கி எடுத்துவிடலாம்" என்று சில கொத்தனார்கள் சொல்வார்கள். கூடாது. அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. பக்கத்து வீட்டு உத்திரத்தின் வால் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. பாதிக் கனத்தைச் செதுக்கினால் மீதி 9 அங்குலம் அவர்கள் மெத்தையை (மொட்டைமாடித் தளத்தை) தாங்காது.

4. உயரம் முதலில், தளங்களின் எண்ணிக்கை பிறகு

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது 1997-ஆம் ஆண்டு அரசாணை. மாசி வீதிகள், வெளி வீதிகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். "பக்கத்தில் நாலு மாடி நிற்கிறதே" என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

9 மீட்டரில் மூன்று தளம் வருமா? குடியிருக்கும் அறைக்கு உள்ளுயரம் 2.75 மீட்டர், தளக் கான்கிரீட் 12½ செ.மீ. என்றால் ஒரு தளத்துக்கு 2.875 மீட்டர். மூன்று தளத்துக்கு 8.625. பீடம் (தெரு மட்டத்துக்கு மேல் தரையை உயர்த்தும் அடிக்கட்டு) குறைந்தபட்சமாக 45 செ.மீ. சேர்த்தாலே 9.075 மீட்டர். தரை ஓடு, மேல்தள ஓடு எதுவும் இன்னும் சேரவில்லை. மூன்று தளம் வராது. இந்தப் பகுதியில் தரைத்தளமும் முதல் தளமும் என்று முடிவெடுத்துவிட்டு அவற்றை நல்ல உயரத்தோடும் காற்றோட்டத்தோடும் கட்டுவதே சரி. 7½ செ.மீ. வித்தியாசத்தை மறைக்க வரைபடத்தில் பொய் எழுதும் ஆட்களிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

திருமலை நாயக்கர் மகால், பத்துத் தூண் ஆகியவற்றுக்கு அருகே மனை இருந்தால் தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று தேவையா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. வரைபடத்தை முற்றத்தில் இருந்து தொடங்குங்கள்

பக்கவாட்டில் ஒரு ஜன்னலும் வைக்க முடியாத வீடு இது. வெளிச்சம் முன்னிருந்து, பின்னிருந்து, மேலிருந்து மட்டும்தான் வரும். வாசலில் இருந்து 15 அடி உள்ளே போனாலே பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும். ஆகவே முதல் கோடு முற்றத்துக்கு. நீளத்தின் நடுவில் 8 அடிக்கு 6 அடி வானம் பார்த்த இடம் விட்டால் சமையலறை, சாப்பிடும் இடம், மாடியறை மூன்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். 48 சதுர அடி வீணாகிறதே என்று இதை மூடச் சொல்வார்கள். மூடிவிட்டால் வீட்டின் நடுப்பகுதி முழுவதும் கிட்டங்கி ஆகிவிடும்.

குளியலறைக்கும் கழிப்பறைக்கும் மேலே திறந்த தனிக் காற்றுக்கூண்டு போதும். 10 மீட்டர் உயரம் வரை உள்ள கட்டடத்துக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது குறைந்தது 1.2 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 90 செ.மீ.க்குக் குறையாமல். ஒரு ஆள் இறங்கிக் குழாயைப் பழுதுபார்க்கவும் அந்த அகலம் வேண்டும்.

மாடிப்படிக்கு 6½ அடி அகலமும் ஏறத்தாழ 12½ அடி நீளமும் ஒதுக்குங்கள். 3 அடி அகலத்தில் இரண்டு மடிப்பு, 10 அடித் தளத்துக்கு 7 அங்குல உயரத்தில் 17 படி, மிதிபலகை 10 அங்குலம் என்ற கணக்கு இது. இடம் மிச்சம் என்று சுழல்படி வைத்தவர்கள் பீரோவை வெளியிலிருந்து கயிறு கட்டித்தான் ஏற்றுகிறார்கள்.

வாசற்படி முழுவதும் உங்கள் மனைக்குள்தான் அமைய வேண்டும். இந்தத் தெருக்களில் சாலை மேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்து நிற்கின்றன. பீடத்தைத் தெரு மட்டத்துக்கு 2 அடி மேலே வையுங்கள், அதற்கான 4 படிகளையும் உள்ளே அடக்குங்கள். மாடி முகப்பில் மின்கம்பி போனால், தாழ்வழுத்தக் கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர் விலக்கம் விட்டே பால்கனி வரைய வேண்டும்.

6. அனுமதியும் பக்கத்து வீட்டு ஒப்பந்தமும்

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம். உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்டதா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளர் மூலம் உறுதி செய்த பிறகே வரைபடத்தைப் பதிவேற்றுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் உடனடி அனுமதி கிடைக்கிறது. நம் மாதிரி மனை அளவில் இதற்குள் வரும். ஆனாலும் பொதுச்சுவரும் கோயில் உயரக் கட்டுப்பாடும் உள்ள இடத்தில் வழக்கமான விண்ணப்பமே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. சுயசான்றில் தவறு இருந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பொறியாளரை மட்டும் அனுப்பாதீர்கள். எந்தத் தேதியில் இடிப்பு, எந்த நேரத்தில் சத்தம், அவர்கள் சுவருக்கு என்ன முட்டு, சேதமானால் யார் செலவு, வேலை முடிந்ததும் பூசிக்கொடுப்பது எது என்று பத்திரத்தாளில் எழுதி இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பிறகு அவர்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு விரிசலையும், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் முதலில் கண்ணாடி உடையும். அது உடைந்த அன்றே வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

7. இடிப்பு

தை பிறந்ததும் இடிக்கத் தொடங்குவது தோது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மார்கழியில் எப்படியும் யாரும் வேலை தொடங்க மாட்டார்கள், அந்த மாதத்தைத் தாள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும்போது ஒரு வண்டி உள்ளே வராது. அதற்குள் அஸ்திவாரம் பூமிக்கு மேலே வந்துவிட வேண்டும். தெற்குமாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் என்றால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களையும் கணக்கில் கழித்துவிடுங்கள்.

இடிக்கும் முன்: மின் இணைப்பை முறைப்படி துண்டித்துத் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். குடிநீர்க் குழாயை மூடியிட்டு அடையுங்கள். பாதாளச் சாக்கடைத் தொட்டியின் வாயைச் செங்கலும் சாக்கும் வைத்து அடைத்துக் காரை பூசுங்கள். இதை மறந்தால் இடிமண் உள்ளே இறங்கித் தெரு முழுக்கக் கழிவுநீர் எதிர்க்கும், முதல் நாளே தெருவாரின் பகை வந்து சேரும்.

மேலிருந்து கீழாக, கையால் இடிக்க வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் ஒட்டில் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) மரக்கட்டைகள் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்திருக்கும். ஒட்டை எடுத்த நிமிடத்தில் இரண்டு பொதுச்சுவர்களும் துணையில்லாமல் நிற்கும். எனவே ஓர் அறை ஒட்டை எடுத்ததும் சுவருக்குச் சுவர் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டே அடுத்த அறைக்குப் போங்கள். முட்டின் இரு முனையிலும் பலகை வைக்க வேண்டும். கட்டை முனை நேராகக் காரையில் குத்தினால் சுவர் பொத்துப் போகும். சுவரின் மேல்தலையில் அன்றைக்கே தார்ப்பாய் போர்த்துங்கள். காரைச் சுவர் நனைந்தால் உள்ளிருந்து கரையும்.

தேக்கு நிலை, கதவு, தூண், உத்திரக் கட்டைகளை முதலிலேயே பழைய மரக்கடைக்காரருக்கு விலை பேசித் தனியாக இறக்கிவிடுங்கள். இடிப்புக் காண்ட்ராக்டில் மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் அதன் மதிப்பு உங்களுக்கு வராது.

இடிமண் எவ்வளவு வரும்? பொதுச்சுவர்களை விட்டுவிட்டு, குறுக்குச் சுவர்களும் ஒட்டும் மட்டும் என்றாலே ஒரு தள வீட்டில் உதிர்ந்த நிலையில் சுமார் 20 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஏறத்தாழ 75 டன். குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றில் முக்கால் டன் என்றால் 100 நடை. இந்த எண்ணை வைத்துத்தான் கூலி பேச வேண்டும். மாநகராட்சி சொல்லும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். வைகைக் கரையிலோ கிருதுமால் கால்வாயிலோ கொட்டினால் அபராதம் உங்கள் பெயருக்கு வரும்.

8. மண், வானம், அஸ்திவாரம்

செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத படி இது ஒன்றுதான். மண் பரிசோதனை இல்லாமல் ஒரு அடிகூடத் தோண்டாதீர்கள். நகரத்துக்குள் பல தலைமுறை இடிமண்ணின் மேல்தான் வீடுகள் நிற்கின்றன. வெளி வீதிகளை ஒட்டிய மனைகளோ பழைய கோட்டை அகழியைத் தூர்த்த பகுதியில் வரலாம். மேலே கெட்டியாகத் தெரியும் மண் 5 அடிக்குக் கீழே பொலபொலவென்று இருக்கும். மனைக்குள் குறைந்தது இரண்டு துளை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று.

தூர்ந்த கிணறு இருக்கிறதா என்று அண்டை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கிணற்று வாயின் மேல் தூண் வரவே கூடாது. நல்ல கிணறு இருந்தால் மூடாமல் மழைநீரை அதில் விடுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், தனிக் குழி வெட்டும் இடமும் மிச்சம்.

அடுத்தவர் அஸ்திவார அடிமட்டத்தை முதலில் கண்டுபிடியுங்கள். முன்னும் பின்னும் 2 அடிச் சதுரக் குழி வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் வானம் அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டாதீர்கள். சுவர் நீளத்தை 4 அடித் துண்டுகளாகப் பிரித்து எண்ணிடுங்கள். முதல் நாள் 1, 4, 7; அவற்றில் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு 2, 5, 8; பிறகு 3, 6, 9. எந்த நேரத்திலும் சுவரின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணில் உட்கார்ந்திருக்கும். ஒரே நாளில் 40 அடி தோண்டிப்போட்டு, இரவு கோடை மழை பெய்து, விடியும்போது பக்கத்து வீட்டுச் சுவர் குழிக்குள் கிடக்கும் விபத்து இந்த ஒழுங்கை மீறுவதால்தான் நடக்கிறது.

தூண் எல்லையை ஒட்டி வருவதால் அதன் அடித்தளம் ஒரு பக்கம் மட்டுமே நீள முடியும். அப்படி விட்டால் பாரம் ஓரத்தில் இறங்கி அடித்தளம் சாயும். 13 அடி அகலத்தில் இதற்கு நல்ல தீர்வு, எதிரெதிர்த் தூண்கள் இரண்டையும் ஒரே நீள அடித்தளத்தில் நிறுத்துவது, அல்லது இரண்டு அடித்தளங்களையும் பீம் போட்டு இணைப்பது. மண் மிக மோசம் என்றால் முக்காலி வைத்துக் கையால் துளைக்கும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) போடலாம். சந்துக்குள் அந்தக் கருவி நுழையும், அதிர்வும் குறைவு. கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கையெழுத்துடன் வாங்குங்கள். "நாங்க இப்படித்தான் எப்பவும் போடுவோம்" என்ற மேஸ்திரியின் சொல் இங்கே போதாது.

தோண்டும்போது பழங்காசோ சிலையோ பாத்திரமோ கிடைத்தால் வேலையை நிறுத்துங்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஊரில் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

குழிகளைத் திரும்ப மண்ணால் நிரப்பும் பின்னடைப்புக்கு முன் கரையான் மருந்து அடியுங்கள். இருபுறமும் பழைய மரம் இருக்கிறது.

9. சாமான் கொண்டுவருவது

பகலில் லாரி வீதிகளுக்குள் வராது. இரவில் மாசி வீதி முனையில் இறக்கி, விடிவதற்குள் குட்டி யானையிலும் தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்; காலையில் கடை திறக்கிறவர் வாசலில் ஜல்லி கிடக்கக் கூடாது. இந்த இரட்டைக் கூலியைச் சேர்க்காத மதிப்பீடு பாதியில் பணம் கேட்கும்.

ஒரு தளக் கான்கிரீட்டுக்கு, 13 அடிக்கு 44 அடி, 5 அங்குலக் கனம், எம்20 தரக் கலவை என்றால் சிமெண்ட் சுமார் 54 மூட்டை, எம்-சாண்ட் எனும் செயற்கை மணல் 1 யூனிட், ஜல்லி 2 யூனிட். பீம்களுக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு. 4 யூனிட் மணலும் ஜல்லியும் 3 அடி உயரத்துக்குக் குவிக்க 130 சதுர அடி வேண்டும். தரைத்தளத்தின் முன் அறையைக் கடைசிவரை காலியாக வைத்துக்கொண்டால் அதுவே கிடங்கு. முன்னால் குவித்துவிட்டுப் பின்னால் கலவை போட வழியில்லாமல் நிற்காதீர்கள்.

10. சுவர் எழும்பும்போது

2 அங்குல இடைவெளியில் தெர்மகோல் பலகையைச் செருகிக்கொண்டே சுவரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சிந்தும் கலவை இடையில் அடைத்துப் பழைய சுவரோடு புதுச் சுவர் ஒட்டிக்கொள்ளும்; ஒன்று இறங்கினால் மற்றதில் விரிசல் விழும். எல்லைப்பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சுப் பூச இடமிருக்காது. எனவே செங்கல் இடுக்குகளைக் கட்டும்போதே நிறைத்துவிட வேண்டும், உள்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும்.

ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) கீழிருந்துதான் ஏறும். பீட மட்டத்தில் ஓதத்தடைப் பூச்சைத் தூண்களைச் சுற்றியும் விடாமல் ஓட்டுங்கள். தரைத்தொட்டியைப் பொதுச்சுவரை ஒட்டி வைக்காமல் முன் அறையின் நடுவில் வையுங்கள். கசிந்தால் பக்கத்து வீட்டு அஸ்திவாரம்தான் முதலில் நனையும்.

இடைவெளியின் மேல்வாய்தான் பெரும்பாலான ஒழுகலுக்குக் காரணம். 9 அங்குல அகல அலுமினியத் தகட்டை மடக்கி, உங்கள் சுவரில் திருகி, பழைய சுவர்ப்பக்கம் வெறுமனே படியும்படி விடுங்கள். இரண்டு பக்கமும் காரை பூசி அடைத்தால் முதல் வெயிலிலேயே வெடித்துவிடும். தகடு போடும் முன் பக்கத்து மெத்தைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள்.

11. குடிபோகும் முன்

முட்டுக்கட்டைகளை, உங்கள் தளங்கள் இறுகி பொறியாளர் சொன்ன பிறகு, ஒவ்வொன்றாக எடுங்கள். கண்ணாடித் துண்டுகளைப் பக்கத்து வீட்டாருடன் நின்று பார்த்து, நிலையைப் படமெடுத்து, ஒப்புக்கொண்டபடி பூச்சு வேலையை முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். சாக்கடைத் தொட்டியின் அடைப்பை நீக்கி, இரண்டு வாளித் தண்ணீர் விட்டு ஓட்டம் பாருங்கள். நிரந்தர மின் இணைப்புக்கும் சொத்துவரி மறுமதிப்பீட்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். பழைய வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட மறந்தால் ஒரே மனைக்கு இரண்டு எண் விழுந்து, இரண்டுக்கும் கேட்பு வரும்.

அலுமினியத் தகட்டை ஐப்பசிக்கு முன் ஒருமுறை ஏறிப் பாருங்கள். திருகு ஒன்று தளர்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.